பின்பக்கம் பார்த்தீர்களா?

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் போன வாரம் என் மேஜை ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார், ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வருது. டாக்டர் ஓட்டின வண்டி. ஒரே ஓனர். வாங்கலாமா?"

செக்‌ஷனில் மற்ற பதினோரு பேரை விட்டுவிட்டு அவர் ஏன் என்னிடம் வந்தார் என்பது எனக்குத் தெரியும். "அவரைக் கேளு. பழைய வண்டி விஷயத்துல அவரு பெரிய அனுபவஸ்தர்" என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். கைகாட்டியவர் சிரிக்காமல் சொல்லியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணம், நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி கார் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை. நெல் அறுக்கிற மிஷின். கம்பைன் ஹார்வெஸ்டர் என்பார்களே, யானைக்குத் தகரச் சட்டை போட்ட மாதிரி டெல்டா ரோடுகளில் தை மாசத்தில் உங்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டு போகுமே, அதேதான்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம். அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் சென்னையில் ஃபைல் பார்த்துக்கொள்கிறேன். 2010 ஜனவரியில் சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. இளசுகள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சரி, வாடகை மிஷின் என்றால், புரோக்கர் "நாளைக்கு வரும்" என்றார். அந்த 'நாளை' ஒன்பது நாள் கழித்து வந்தது. அதற்குள் முற்றின கதிர் தானாக உதிர்ந்து, வயலே கோழிகளுக்குக் கல்யாண விருந்து போட்டுவிட்டது.

அப்போதுதான் என் மச்சினன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். குடும்பங்களில் சரித்திரத்தை மாற்றுகிற வாக்கியங்கள் எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம், வெற்றிலை போடும்போதுதான் வரும்.

"ஏன் அத்தான்... நாமளே ஒண்ணு வாங்கிட்டா என்ன?"

புது மிஷின் பத்து லட்சத்துக்கு மேல். பழசு என்றால் நாலு, நாலரைக்குக் கிடைக்கும் என்றான். நம் ஐந்து ஏக்கர் போக, ஊராருக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டலாம். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டே சீசனில் போட்ட பணம் வந்துவிடுகிறது. மூன்றாவது சீசனில் நான் வேலையை ராஜினாமா செய்கிறேன். காலண்டர் தாளில் இடம் தீர்ந்துவிட்டதால்தான் நான்காவது சீசனில் எங்களுக்கு விமானம் வாங்கித் தராமல் விட்டான்.

அப்பா மட்டும் ஒன்று சொன்னார்: "வாடகை சைக்கிள் பஞ்சர் ஆச்சுன்னா கடைக்காரன் ஒட்டுவான். சொந்த சைக்கிள் பஞ்சர் ஆச்சுன்னா?" கேள்வியை அப்படியே விட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என் பி.எஃப். லோன் ஒன்றரை லட்சம். என் மனைவியின் எட்டு வளையல் பாங்க் லாக்கருக்குப் போகாமல் பாங்க் கவுன்ட்டருக்குப் போனது. மிச்சம் மச்சினன். 2010 அக்டோபரில் நாங்கள் இரண்டு பேரும் ஆத்தூருக்கு பஸ் ஏறினோம். டெல்டாவுக்கு அறுப்பு சீசனில் வருகிற மிஷின்களில் கணிசமானவை சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்களுடையவை. பழசு விற்பதும் அங்கே நடக்கும்.

ரோட்டோரமாக ஒரு ஷெட். உள்ளே நின்றது, செக்கச் செவேலென்று ஒரு மிஷின். பஞ்சாபில் செய்தது, 1998 மாடல். பெயின்ட் அப்போதுதான் அடித்திருந்தார்கள் போலிருக்கிறது. பாசத்தோடு தட்டிக்கொடுத்தேன், கையும் சட்டையும் சிவந்துவிட்டன.

"ஒரே ஓனர் சார்" என்றார் விற்கிறவர். நல்லவேளை, டாக்டர் ஓட்டினார் என்று சொல்லவில்லை.

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்று விவரம் தெரிந்தவனாகக் கேட்டேன்.

"மீட்டர் ஓடலை சார். ஆனா வண்டி ஓடும்."

ஸ்டார்ட் செய்தார். ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டது. நிற்கிற மிஷினில் கட்டர் ஓடுகிறது, பெல்ட்டுகள் சுழல்கின்றன, தகரமெல்லாம் அதிர்கிறது. எங்களுக்கும் உள்ளே என்னவோ அதிர்ந்தது. மச்சினன் டயரை உதைத்துப் பார்த்தான். பழைய வண்டி வாங்கப் போகிற ஆண் பிள்ளைகள் டயரை ஏன் உதைக்கிறோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உதைத்தபிறகு வாங்காமல் வந்தவனை நான் பார்த்ததும் இல்லை. 4,60,000 ரூபாய்க்கு முடித்தோம்.

இந்த இடத்தில் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுப்பு, அடிப்பு, தூற்றல் என்ற மூன்று வேலையை ஒன்றாகச் சேர்த்ததால்தான் 'கம்பைன்' என்று பெயர். 1836-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் மூர், ஹாஸ்கல் என்ற இரண்டு பேர் இதற்குப் பேடன்ட் வாங்கினார்கள். இழுப்பதற்கு ஒரு குதிரைப் படையே வேண்டியிருந்தது. தானே நகரும் கம்பைன் இந்தியாவில் உருவானது 1980-ல், ஸ்வராஜ் 8100.

உள்ளே நடப்பது அத்தனையும் ஆபீசில் நடப்பதுதான். வாசலில் 'ரீல்' என்று ஒரு ராட்டினம், "வாங்க வாங்க" என்று பயிரை வளைத்து அழைக்கும். அது ரிசப்ஷன். அழைத்த கையோடு 'கட்டர் பார்' காலை வெட்டும். வெட்டினதைச் சுருட்டி மேலே அனுப்பினால், அங்கே 'டிரம்'. மேனேஜர் ரூம்! உள்ளே போனால் அடிதான். கோதுமைக்கு என்றால் வரிவரியான இரும்புப் பட்டை வைத்த டிரம். நெல்லுக்கு முள் வைத்த டிரம். பெரும்பகுதி நெல் அங்கேயே உதிர்ந்து கீழே விழுந்துவிடும். ப்ளோயர் காற்று பதரை ஊதித் தள்ள, சல்லடை சலித்து, நெல் டேங்குக்குப் போகும். ஆனால் அடி வாங்கினபிறகும் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டு நழுவப் பார்க்கிற நெல் கொஞ்சம் இருக்குமே? அதற்குத்தான் 'வாக்கர்'. ஐந்து நீள நீளமான தகரத் தட்டுகள், மாறி மாறி மேலும் கீழும் ஆடி, வைக்கோலை உதறி உதறிப் பின்பக்கமாகத் தள்ளும். தட்டு முழுக்க ஓட்டை. உதறும்போது நெல் ஓட்டை வழியாகக் கீழே; வைக்கோல் மட்டும் வெளியே.

இந்த வாக்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

ஆத்தூரிலிருந்து ஊருக்கு ஓட்டி வந்த கதை தனி. முன்னால் இருக்கிற பதினாலடி கட்டரைக் கழற்றி, டிராலியில் நீளவாக்கில் ஏற்றி, பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். வேகம் 20 கிலோமீட்டர். அதுவும் இறக்கத்தில். பகலில் டிராஃபிக் என்று ராத்திரி ராத்திரியாகப் பெரம்பலூர், அரியலூர், திருமானூர் என்று வந்தோம். இரண்டாவது ராத்திரி கொள்ளிடம் தாண்டித் திருவையாறு. அங்கிருந்து தஞ்சாவூருக்கு வருவதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு. ஐயாறு என்று பாடல் பெற்ற தலம்தான். ஆனால் அந்த ஐந்து பாலத்தையும் கட்டினவர்கள், இந்த அகலத்தில் ஒரு பிராணி பூமியில் பிறக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வெட்டாற்றுப் பாலத்தில் பாதியில் இருக்கிறோம். எதிரே கடைசி டவுன் பஸ். யார் பின்வாங்குவது? இந்த மிஷினுக்கு ஸ்டியரிங் பின் சக்கரத்தில். திருப்பினால் முகம் ஒரு பக்கம் போகும், வால் இன்னொரு பக்கம் வீசும். வாலில் டிராலி வேறு. பின்னால் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பஸ் பயணிகள் எல்லாரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில் தேருங்க?" என்று கேட்டார். கடைசியில் பஸ்தான் ரிவர்ஸ் போனது. அந்த டிரைவர் எங்களைக் கடந்தபோது சொன்னதை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

வடுவூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. களத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். ஊரே வந்து பார்த்தது. அப்பாவும் வந்து பார்த்தார். "எம்மாந் தண்டி!" என்று மட்டும் சொன்னார். பாராட்டா, பயமா தெரியவில்லை.

வந்தவர்களில் ஆயாவும் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக எங்கள் வயலில் அறுப்பு என்றால் ஆயாவின் ஆட்கள்தான். 18 பெண்கள். காலை வெளிச்சம் வருவதற்கு முன்னால் வரப்பில் வரிசையாக நிற்பார்கள்; ஆயா குரல் கொடுத்தால் 18 அரிவாளும் ஒன்றாக இறங்கும். கூலி நெல்லாகத்தான். அப்பா மரக்காலால் அளக்க, ஆயா கண் கொட்டாமல் பார்ப்பார். கடைசி மரக்காலில் அப்பா கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், "ஐயா, தலை தட்டாம அளங்க" என்று குரல் வரும்.

ஆயா மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: "ஒரு ஏக்கருக்கு எத்தினி நாழி தம்பி?"

"ஒரு மணி நேரம்" என்றான் மச்சினன் பெருமையாக.

ஆயா பதில் பேசவில்லை. பெயின்ட் வாசனைக்கு மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார். அப்பா அவசரமாக, "மூலை முடுக்கெல்லாம் மிஷின் அறுக்காது. நாலு மூலையும் வரப்போரமும் கையாலதான் அறுக்கணும். அது ஒன் ஆளுங்களுக்குத்தான்" என்றார். உண்மைதான், மூலையில் கையால் அறுத்து இடம் பண்ணிக் கொடுத்தால்தான் மிஷின் உள்ளே இறங்கித் திரும்பும். ஆனால் மூலைக்கு ஆறு பேர் போதும். 18 பேர் வேண்டாம். அந்தக் கணக்கு களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

ரிப்பேருக்கு மன்னார்குடி பாய் வந்தார். லாரி மெக்கானிக். இன்ஜின் மூடியைத் திறந்ததும் பாய் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம லேலண்டு!" மிஷின் பஞ்சாபில் செய்ததே தவிர, இன்ஜின் நம்ம சென்னைக் கம்பெனி அசோக் லேலண்டினுடையது. பஞ்சாபி கம்பைன்களில் பலவற்றில் அப்படித்தான். வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி பாய் அதைத் தடவிக்கொடுத்தார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மற்ற எல்லா இடத்திலும் இருந்தது.

தகரத்தைக் கழற்றக் கழற்ற உள்ளேயிருந்து கூடை கூடையாக உமி, வைக்கோல் தூசு. எலி வளை மூன்று, குருவிக்கூடு ஒன்று, முழு நீளப் பாம்புச் சட்டை ஒன்று. (சட்டைக்குரியவர் எங்கே என்று தெரியும்வரை இரண்டு நாள் நான் பக்கத்தில் போகவில்லை.) கதவுக்குப் பின்னால் பாய் சுரண்டிப் பார்த்தார். சிவப்புக்குக் கீழே பச்சை. பச்சையில் தெலுங்கு எழுத்து. அதற்கும் கீழே நீலம். நீலத்தில் பஞ்சாபி எழுத்து. ஒரே ஓனர்தான், மாநிலத்துக்கு ஒரே ஓனர்.

19 பெல்ட் மாற்றினோம். டிரம் முள் பாதி தேய்ந்து பாதி காணாமல் போயிருந்தது. அதை மாற்றினோம். எத்தனை பேரிங் என்று நான் எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். கட்டரில் மூன்று அங்குலத்துக்கு ஒரு பிளேடு. பதினாலு அடிக்கு 56 பிளேடு. அத்தனையும் மொக்கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிவிட். தீபாவளிக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு உட்கார்ந்து 112 ரிவிட் அடித்தேன். பாதி ரிவிட், பாதி விரல். தலை தீபாவளியில்கூட அவ்வளவு அடி வாங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பாய் கணக்கு கொடுத்தார்: 1,38,000. காலண்டர் தாளில் இந்த வரி இல்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை; கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

2011. பொங்கல் முடிந்த அடுத்த வாரம். எங்கள் வயலில் சி.ஆர். 1009, பொன்மணி என்பார்கள். ஐந்து மாசத்துக்கு மேலே நிற்கிற ரகம். வைக்கோல் கனமாக, மணி குண்டாக இருக்கும். பத்து நாள் முன்னாலேயே தண்ணீர் வடித்துத் தரை காய்ந்திருந்தது. டயர் மிஷினாச்சே, சேறு இருந்தால் இறங்கி உட்கார்ந்துவிடும். ஆயாவும் ஐந்து பெண்களும் மூலைகளை அறுத்து வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம். ஆத்தூரிலிருந்து கூடவே வந்த டிரைவர் தம்பி ஏறி உட்கார்ந்தான். பனி உலர்ந்து பத்து மணிக்குமேல் இறங்கினது மிஷின்.

என்ன அழகாக அறுத்தது தெரியுமா! ரீல் வளைக்கிறது, பயிர் குனிகிறது, பின்னால் வைக்கோல் வரிசையாக விழுகிறது, டேங்கில் நெல் தங்க அருவியாகக் கொட்டுகிறது. பசங்கள் விசில் அடித்தார்கள். மச்சினன் என்னைக் கட்டிக்கொண்டான். பக்கத்து வயல்காரர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்: "நாளைக்கு எனக்கு. ஆறு ஏக்கர்."

நெல்லைத் தார்ப்பாயில் கொட்டி மூட்டை பிடித்தோம். முதல் ஏக்கர் முடிந்ததும் அப்பா எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். அந்தத் துண்டு வயலில் ஏக்கருக்கு 30 மூட்டைக்குக் குறைந்ததில்லை. பயிர் நின்ற லட்சணத்துக்கு 31-கூட வரலாம். கட்டி வைத்தது 26.

"நாலு மூட்டை எங்கடா?"

உரம் குறைச்சல் என்றான் மச்சினன். டிசம்பர் மழை என்றான் டிரைவர். பூச்சி என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. பாய் மட்டும் பேசாமல் தாடியைத் தடவினார். சிக்கல் எங்கள் நாலு மூட்டையோடு நிற்காது. நாளைக்குப் பக்கத்து வயல்காரரின் ஆறு ஏக்கரில் இறங்கி, ஏக்கருக்கு நாலு வீதம் 24 மூட்டையைக் காணாமல் அடித்தால், அப்புறம் இந்த மிஷினை எங்கள் தாலுகாவில் ஒருவரும் வயலுக்குள் விட மாட்டார்கள். பி.எஃப்., வளையல், சங்கிலி எல்லாம் வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்க வேண்டியதுதான்.

அப்போது ஆயா வந்தார். அறுத்த வயலில் சிந்தின நெல்லைப் பொறுக்குவது அவர்கள் பாத்தியதை. மடி நிறையப் பொறுக்கியிருந்தார். மடி நிறைய என்பது சாதாரணமாக ஒரு நாள் வேலை. இது அரை மணி நேரம்.

கையில் ஒரு கத்தை வைக்கோலோடு வந்து, எங்கள் முன்னால் உதறினார். பொலபொலவென்று நெல் கொட்டியது.

பாய் குனிந்து பார்த்து, "டிரம்மு சரியா அடிக்கலை" என்றார்.

"அடிக்காம இல்ல பாயி. கதிர்ல ஒரு மணி ஒட்டிக்கிட்டு இருக்கா பாருங்க. சுத்தமா உதிர்ந்திருக்கு."

"அப்ப காத்து ஜாஸ்தி. ப்ளோயரு வெளிய ஊதித் தள்ளுது."

"காத்துல போனா பதரோட போய் விழும். பதரு கெடக்கிற எடத்தையும் பாத்தேன், அங்க நல்ல நெல்லு இல்ல. வைக்கோலுக்குள்ளதான் இருக்கு. அடிச்ச கட்ட ஒதறாம போட்ட மாதிரி. ஒங்க மிஷினு நல்லா அறுக்குது, நல்லா அடிக்குது. ஒதற மாட்டேங்குது."

ஐம்பது வருஷம் களத்தில் கதிரடித்து, வைக்கோல் உதறி, தூற்றின அனுபவம் பேசியது. பாய் ஒரு நிமிஷம் ஆயாவையே பார்த்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மிஷினின் பின்பக்கம் வழியாகத் தலையை உள்ளே விட்டு, இடுப்பு வரைக்கும் ஊர்ந்து போனார். உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் உருதுவில் ஏதோ கேட்டது. யாரையோ வாழ்த்துகிற தொனியில் இல்லை.

ஐந்து வாக்கர் தட்டில் மூன்று, எப்போதோ துருப்பிடித்து ஓட்டை பெரிதாகி இற்றுப்போயிருக்கின்றன. எங்களுக்கு முந்தின ஒரே ஓனர்களில் ஒருவர், அதன்மேல் முழுசாகத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து மூடியிருக்கிறார். மேலே செக்கச் செவேலென்று பெயின்ட். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே இல்லை! நெல் விழ வழியில்லாமல், டிக்கெட் எடுக்காத பிரயாணி மாதிரி வைக்கோலோடு சேர்ந்து வெளியே இறங்கிப் போயிருக்கிறது. பாய் ரிப்பேர் செய்யும்போது அதைப் பார்த்திருக்கிறார். லாரி மெக்கானிக் கண்ணுக்கு ஓட்டையில்லாத தகரம் என்றால் நல்ல தகரம். "கெட்டியா இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. முதல் நாள் பெயின்ட்டைத் தட்டிக்கொடுத்தவன் நான்.

ஆத்தூருக்கு போன் போட்டேன்.

"வாக்கரா? அது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் சார். ஸ்ட்ராங்குக்காகப் போட்டது. அதுக்குத் தனியா காசு வாங்கலையே!"

புது வாக்கர் வர ஒரு வாரம் ஆகும். எங்களுக்கு இருந்தது மறுநாள் பத்து மணி வரை. பனி உலர்கிற வரை. மிஷினை அப்படியே மன்னார்குடிக்குப் பாய் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மூன்று தட்டையும் கழற்றி, தகரத்தை வெட்டி எடுத்ததும் அடுத்த கேள்வி: அந்த இடத்தில் எதை வைப்பது? மச்சினன் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஹார்டுவேர் கடைக்காரரை எழுப்பி, வீடு கட்டுகிறவர்கள் ஜல்லி சலிக்கிற கம்பிச் சல்லடை மூன்று வாங்கி வந்தான். அளவுக்கு வெட்டி, விளிம்பு மடித்து, வெல்டிங். பாயும் அவர் பையன்களும் விடிய விடிய வேலை. டீ வாங்கி வருவதும், டார்ச் பிடிப்பதும், "அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம்" என்று திட்டு வாங்குவதும் நான். ஆபீசில் பதினைந்து வருஷ சர்வீஸ், டார்ச் பிடிக்கத் தெரியவில்லை.

காலையில் பக்கத்து வயலில் இறங்குவதற்கு முன்னால், எங்கள் மிச்ச வயலில் ஒரு வரிசை ஓட்டிப் பார்த்தோம். மிஷின் நின்றதும் ஒருத்தரும் டேங்கைப் பார்க்கவில்லை. எல்லாரும் பின்பக்கம் ஓடினோம். ஆயா குனிந்து ஒரு கத்தை வைக்கோலை அள்ளி உதறினார். நாலு மணி விழுந்தது. மறுபடி அள்ளி உதறினார். இரண்டு மணி.

"தேவலாம்" என்றார்.

அந்தப் பக்கத்து வயல்காரருக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த சீசனில் 210 மணி நேரம் ஓடியது. மணிக்கு 1,100 ரூபாய். டீசல், டிரைவர் சம்பளம், புரோக்கர் கமிஷன், நடு வயலில் அறுந்த இரண்டு பெல்ட் எல்லாம் போகக் கையில் நின்றது எழுபதாயிரத்துச் சொச்சம். முதலில் சங்கிலியைத் திருப்பினேன். வளையல் அதற்கு அடுத்த வருஷம். ராஜினாமாக் கடிதம் இன்னும் எழுதவில்லை. சேற்றிலும் இறங்குகிற பெல்ட் மிஷின்கள் டெல்டாவில் பெருகினபிறகு எங்கள் டயர் வண்டிக்கு மவுசு குறைந்தது. 2016-ல் விற்றோம். வாங்க வந்தவர் டயரை உதைத்தார். நான் கையைப் பிடித்து அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, விலையில் இருபதாயிரம் குறைத்துவிட்டார்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அந்த முதல் சீசனின் கடைசி நாள், ஆயா களத்துக்கு வந்தார். அவருக்குக் குத்தகைக்கு இரண்டு மா நிலம் உண்டு. முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அவர் ஆட்களில் ஐந்தாறு பேர் அந்த வாரம்தான் திருப்பூர் பஸ் ஏறியிருந்தார்கள்.

"நம்ம வயலுக்கும் வண்டிய விடு தம்பி. கூலிய நெல்லா அளந்துடறேன்."

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. கூலி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா கண்ணால் தடுத்துவிட்டு, உள்ளே போய் மரக்காலைக் கொண்டுவந்து ஆயா கையில் கொடுத்தார். அவர்கள் வீட்டு நெல்லை ஆயா அளக்க, எங்கள் சாக்கை அப்பா பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்து அவர்கள் இடம் மாறி நின்றது அன்றைக்குத்தான்.

கடைசி மரக்கால். ஆயா முக்காலே மூணுவீசம் அளந்து நிறுத்தினார்.

"ஆயா, தலை தட்டாம அள" என்றார் அப்பா.

ஆயா அந்த மரக்கால் நெல்லை அப்படியே தன் மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"இது கழிவு. அன்னிக்கு ஒங்க மிஷினுக்கு நோவு பாத்தேன்ல? வைத்தியச் சம்பளம்."